எல்லை தாண்டிய கழிப்பறை

ஆறு நகர்ந்தால் எல்லையும் நகரும் என்று இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்ட பிறகு, தினமும் காலையில் செயற்கைக்கோள்தான் எல்லைக்கோடு போடுகிறது. புதன்கிழமை அந்தக் கோடு ஆற்றுத்தீவில் மாதேஸ்வரியின் வீட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே விழுந்தது. நாலு நாளாகியும் நகரவில்லை. வீடு தென்மாநிலம், கழிப்பறை வடமாநிலம். அனுமதிச் சீட்டில்லாமல் தாண்டினால், கையில் பூட்டிய அடையாளப் பட்டை அலறி ஊரையே கூட்டிவிடும். சீட்டு வர இரண்டு மணி நேரமாகும். அவளோ ஏழு மாதக் கர்ப்பிணி.

விசாரிக்க வந்தார் தென்மாநிலத் தாசில்தார் குணசீலன்.

"கோட்டுல கை வச்சா கலவரம் வரும்மா. கொஞ்சம் அடக்கிக்க. நாட்டுக்காக அவனவன் உயிரையே குடுக்கிறான்."

மாதேஸ்வரி முந்தாநாள் மீன் குழம்பைச் சூடாக்கி ஊற்றினாள். அவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அரை மணி நேரத்தில் அவருக்கு முகமெல்லாம் வியர்த்தது.

"பாத்ரூம் எங்கம்மா?"

"வெளிமாநிலத்துல இருக்கு சார். சீட்டுக்கு எழுதிப் போடுங்க."

குணசீலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கரைத் தாசில்தாருக்குப் போன் போட்டார். முப்பது வருடமாக இழுத்த எல்லைப் பேச்சுவார்த்தை நான்கு நிமிடத்தில் முடிந்தது. கழிப்பறையைத் தென்மாநிலத்துக்கே விட்டுக்கொடுக்க, அவர்கள் பதிலுக்கு இரண்டு தென்னை மரம் கேட்டார்கள். எந்த மரம் என்றுகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டு ஓடினார்.

இப்போது கோடு எங்கே நகர்ந்தாலும் அந்தக் கழிப்பறையை மட்டும் சுற்றி வளைந்து போகிறது. இரு மாநிலங்களின் நல்லெண்ணமே காரணம் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்.

மாதேஸ்வரியைக் கேட்டால், மீன் குழம்பு என்பாள்.