இந்த வாரக் கோழி

லூவானை இன்றைக்கு வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று பிரெண்ட் முடிவு கட்டிவிட்டான்.

பின்னே என்ன? அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனி தள்ளும் மெஷின் செய்கிற தொழிற்சாலை அது. பனிக்காலம் வாசலில் வந்து நிற்கிறது. இந்த நேரத்தில் வாரத்துக்கு ஒரு தப்பு செய்கிறவளை வைத்துக்கொண்டு எந்த மேனேஜர் காலம் தள்ளுவான்?

அந்தத் தப்புகள் வெளியே வந்ததே பிரெண்டால்தான். தலைமை அலுவலகம் நடத்திய ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு வந்தவன், ஒரு வெள்ளிக்கிழமை காலை எல்லோரையும் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்தான். டோனட் பெட்டிகளைத் திறந்து வைத்தான். கையில் ஒரு ரப்பர் கோழி.

"செஞ்ச தப்பை இங்க தைரியமா சொல்லுங்க. ஒருத்தரோட தப்பு, எல்லாருக்கும் பாடம். கத்துக்கிற கம்பெனிதான் முன்னேறும். நல்ல தப்பா சொல்றவங்களுக்கு இந்தக் கோழி. யாரையும் தண்டிக்க மாட்டோம்."

எல்லோரும் டோனட்டின் ஓட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் பேக்கிங் பகுதி லூவான்தான் எழுந்தாள். யாராக இருந்தாலும் அவளுக்குக் 'கண்ணு'தான்.

"கைப்பிடி வைக்காமலே ஒரு லோடு மெஷினை அனுப்பிட்டேன், கண்ணு. இனிமே பெட்டியை ஒட்டறதுக்கு முன்னாடி எடை போட்டுப் பார்க்கணும். கனம் குறைஞ்சா காட்டிக்கொடுத்துடும்."

சிரிப்பு. கைதட்டல். கோழி அவளுக்கு.

அடுத்த வாரம், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்டை சோடா மெஷின்மேல் மோதிய கதை. "அந்த மூலையில ஒரு வளைவுக் கண்ணாடி மாட்டிடுங்க கண்ணு." மாட்டினார்கள். அதற்கடுத்த வாரம், சிவப்புக்குப் பதில் ஆரஞ்சுப் பெயின்ட் அடித்த கதை.

கோழி அவள் மேஜையிலேயே குடியேறிவிட்டது.

இப்போது அவள் பிரெண்டின் அறையில் நின்றாள்.

"உட்காருங்க லூவான்."

"நின்னுக்கறேன். உட்கார்ந்தா எழுந்திருக்க என் முட்டி சம்மதிக்காது."

"நீங்க ரொம்ப நல்லவங்க. ஆனா இத்தனை தப்பு..."

"தண்டிக்க மாட்டேன்னு சொன்னியே, கண்ணு?"

"இது தண்டனை இல்ல. கம்பெனியோட நிலைமையையும் பார்க்கணும் இல்லியா?"

லூவானின் முகம் சட்டென்று வெளுத்தது.

"வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் இந்தக் கம்பெனி இன்ஷூரன்ஸ்லதான் நடக்குது."

பிரெண்ட் ஜன்னலைப் பார்த்தான். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா வேற வழி தெரியல."

அவள் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி. இப்ப கூட்டம் இருக்கே. ஒண்ணு பாக்கி இருக்கு. அதைச் சொல்லிட்டுப் போயிடறேன்."

"இன்னொண்ணா!" பிரெண்ட் தலையில் கைவைத்துக்கொண்டான்.

சாப்பாட்டு அறையில் கூட்டம் கூடியது. லூவான் எழுந்தாள்.

"செவ்வாய்க்கிழமை அசெம்பிளி லைன் திடீர்னு நின்னுபோச்சே? மெஷின் கோளாறுன்னு சொன்னதை நம்பி, நம்ம மெக்கானிக் நார்ம் அன்னையிலேருந்து அதைப் பிரிச்சுப் போட்டுட்டுக் கிடக்கான். பேத்தி ஸ்கூல்ல பாடறதைக் கேட்கக்கூடப் போகல, பாவம். நார்ம், விட்டுடுப்பா. மெஷின்ல ஒண்ணுமே இல்ல. அவசரத்துக்கு லைனை நிறுத்தற சிவப்பு பட்டன் இருக்கே, அது மேல என் பின்பக்கம் பட்டுடுச்சு. யாரும் பார்க்கலன்னு நைசா நகர்ந்துட்டேன்."

"அடிப்பாவி!" என்று நார்ம் தன் கையுறையைக் கழற்றி அவள்மேல் வீசினான். அறையே குலுங்கிச் சிரித்தது.

"பட்டனுக்கு ஒரு மூடி போடுங்கப்பா. என் பின்பக்கத்தைச் சின்னதாக்கறதைவிட அது சுலபம்."

பிரெண்ட் மட்டும் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்துப் பெரிய மனிதர்களுக்கு லைனைச் சுற்றிக் காட்டியவன் அவன். 'எங்ககிட்ட யாரும் எதையும் மறைக்கறதே இல்ல' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே அந்தப் பட்டன்மேல் பின்னால் சாய்ந்தவனும் அவன்தான். லைன் நின்றதும், 'மெஷின் கோளாறு' என்று முந்திக்கொண்டு சொன்னவனும் அவனேதான்.

லூவான் அவன் பக்கமே திரும்பவில்லை. பெட்டியில் சாக்லேட் டோனட் மிச்சம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

பிரெண்ட் எழுந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. லூவான் பக்கத்தில் கிடந்த கோழியை எடுத்துக்கொண்டான்.

"இது எனக்குச் சேர வேண்டியது. அந்தப் பின்பக்கம் என்னோடது. நார்ம், என்னை மன்னிச்சிடுங்க. லூவான், நீங்க எங்கயும் போகல."

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற டுவெய்ன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"அப்போ சோடா மெஷின் கோழியை என்கிட்ட கொடுத்துடுங்க. லூவானுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவே தெரியாது."