தாம்ராங் ஓடுதளத்தில் ஒரு தேர்தல்

"எடை கூடிடுச்சு. யாராவது ஒருத்தர் இறங்கணும். இல்லேன்னா நான் இன்ஜினைப் போட மாட்டேன்" என்றார் கேப்டன் துலாதர்.

அந்தச் சின்ன விமானத்துக்குள் ஒவ்வொருவரும் அடுத்தவர் இடுப்பு அளவைத்தான் பார்த்தார்கள்.

கதவடியில் மூட்டையோடு நின்ற மன்பீரே வேலிப் பக்கம் பார்த்தான். தாம்ராங் மலையூர் ஓடுதளத்தில் சுமை ஏற்றுகிறவன் அவன். வேலிக்கு அந்தப் பக்கம், மூங்கிலில் கட்டிய போர்வைத் தூளியில் அவன் பெண்டாட்டி ஜூன்கலி கிடந்தாள். முந்தாநாள் தொடங்கிய வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது. கீழே நேபாள்கஞ்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றை அறுத்து எடுத்தால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று நர்ஸ் கையை விரித்துவிட்டாள்.

விடிந்ததிலிருந்து டிக்கெட் வைத்திருந்தவர்கள் காலிலெல்லாம் விழுந்து பார்த்தான். ஒருவருக்குக் கோர்ட்டு, ஒருவருக்குக் கல்யாணம். ஹரிலால் மாஸ்டருக்குப் பல்வலி.

ஊராட்சித் தலைவர் தீர்க்கராஜ் சாஹி, "சீட்டு என்ன மரத்துலயா காய்க்குது? அடுத்த வாரம் பார்ப்போம்டா" என்று தோளைத் தட்டிவிட்டு ஏறினார்.

கடைசியாகக் கேப்டனிடம் போனான். "ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு பெல்ட். அது இல்லாம உன் பெண்டாட்டி இல்ல, என் பெண்டாட்டியையே ஏத்த மாட்டேன்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார் அவர்.

இப்போது எடை வேறு கூடிவிட்டதாம். இருந்த கொஞ்சநஞ்ச நப்பாசையும் போயிற்று.

"எல்லாத்தையும் நிறுத்துத்தானே ஏத்துனீங்க?" என்றார் தலைவர்.

"மூட்டையை நிறுத்தோம் தலைவரே. கோட்டுப் பையை யார் நிறுத்தா? உள்ளே இருக்கறதெல்லாம் வெளியே வரட்டும்."

வந்தது. மாஸ்டரின் கோட்டிலிருந்து இரண்டு ஜாடி நெய். "பல்லுக்குத் தடவவா மாஸ்டர்?" என்று யாரோ சிரித்தார்கள். கல்யாணத்துக்குப் போகிறவரின் இடுப்பிலிருந்து வால்நட் கொட்டியது. தலைவர் சால்வைக்குள்ளிருந்து காய்ந்த ஆட்டுத்தொடை ஒன்று முழுசாக இறங்கியது.

கேப்டன் மனக்கணக்குப் போட்டு உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் தொண்ணூறு கிலோ கூட இருக்கு."

"தொண்ணூறெல்லாம் ஒரு எடையா? கீழே சமவெளியில இதே விமானம் இதைவிட எவ்வளவு தூக்குது!" என்றார் தலைவர்.

"அங்க காத்து கஞ்சி மாதிரி கெட்டியா இருக்கும். இங்க வெறும் கழுநீர். றெக்கைக்குப் பிடிமானமே கிடையாது. இந்தச் சரிவு முடியறதுக்குள்ள மேல ஏறிடணும். ஏறலைன்னா நேரா கர்ணாலி ஆறுதான். இன்னொரு தடவை ஓடிப் பார்க்கறேன்னு சொல்ல முடியாது." அவர் வெளியே கை காட்டினார். கம்பத்தில் தொங்கிய காற்றுப்பை மெல்லப் புடைத்தது. "பள்ளத்தாக்குக் காத்து கிளம்பிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே பேசிட்டிருந்தா யாருமே போக முடியாது."

"அப்ப யார்தான் இறங்கறது?" என்று கேட்டார் மாஸ்டர்.

"நீங்க இறங்கினா பத்தாது மாஸ்டர். துணைக்கு இன்னொருத்தரும் வேணும். ஒரே ஆள், ஆனா தொண்ணூறு கிலோன்னா, ஒருத்தர் போதும்."

அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"என்னை எதுக்குய்யா பாக்கறீங்க?" தலைவர் சீட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "இந்த ஓடுதளத்தைக் கொண்டு வந்ததே நான்தான்!"

"தளத்துக்கு வந்த தாரை முழுசாப் போட்டு இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தா நீங்களும் வந்திருக்கலாம்" என்றது பின் சீட்டு.

"எவன்டா அவன்? நேபாள்கஞ்சுல தாய்சேய் நலக் கருத்தரங்கு நடக்குது. நான்தான் தலைமை. நான் இல்லாம எப்படித் தொடங்குவாங்க?"

"கை தூக்கிடுவோம்" என்றார் மாஸ்டர். "தலைவர் இறங்கணும்ங்கறவங்க?"

தாம்ராங்கில் எந்தத் தேர்தலும் இவ்வளவு சுத்தமாக நடந்ததில்லை. சாராயம் இல்லை, அடிதடி இல்லை. தலைவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மச்சான் இரண்டு கையையும் தூக்கினான்.

"உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தறேனா இல்லையா பார்" என்று கேப்டனைப் பார்த்துக் கத்திக்கொண்டே தலைவர் இறங்கினார். போனில் சிக்னல் தேடி மேட்டை நோக்கி நடந்தார். மன்பீரே அவருடைய மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டான். மெதுவாகப் போடவில்லை.

எல்லாம் முடிந்தது. கதவைச் சாத்தப் போனவனைக் கேப்டன் தடுத்தார்.

"டேய், எங்கே கதவைச் சாத்தறே? ஓடிப்போய் உன் பெண்டாட்டியைத் தூக்கிட்டு வா. தலைவர் சீட்டுல சாய்ச்சு உக்கார வை. பெல்ட்டை வயித்துக்குக் கீழே போடு. மாஸ்டர் பல்வலியை மறந்துட்டு அவளைப் பிடிச்சுப்பார். கீழே ஆம்புலன்ஸுக்குக் காலையிலேயே சொல்லிட்டேன்."

மன்பீரே நகரவில்லை.

"சாப்... எடை? அவளையும் ஏத்தினா மறுபடி கூடிடுமே? ஆத்துல விழுந்துட்டா?"

கேப்டன் மேட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

"எடை எப்பவுமே சரியாத்தான்டா இருந்துச்சு. சீட்டுதான் ஒண்ணு குறைஞ்சுது."