நாலு மணிக்குள் ஒரு வாள்

"லீவு நாள்லயும் கம்ப்யூட்டரா?"

"ஆபீஸ் வேலை, மாமா."

"என்னமோ போ. நான் படுக்கப் போறேன், கதவைத் தட்டாதே." மாமனார் தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

மருமகள் உடனே ஆன்லைன் விளையாட்டுக்குத் தாவினாள். அதில் அவள் மீசை வைத்த வீரன். டிராகனை வெட்டும் வாளைச் செய்யத் தெரிந்தவர் அந்த விளையாட்டிலேயே ஒருவர்தான், கருங்கொல்லன்.

"அண்ணே, நாலு மணிக்கு டிராகன் வந்துடும். வாள் என்னாச்சு?" என்று டைப் செய்தாள்.

"கடைசி அடிதான் பாக்கி. பறக்காதே தம்பி" என்று பதில் வந்தது.

பொசுக்கென்று கரண்ட் போனது.

பக்கத்து அறையில் அலறல் கேட்டது. "ஐயையோ, உலை அணைஞ்சு போச்சே! அந்த மீசைக்காரத் தம்பிக்கு என்ன பதில் சொல்லுவேன்!"

மருமகள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "அண்ணே... இல்ல, மாமா! அந்தத் தம்பி நான்தான்!"

கதவு திறந்தது. "நீயா? அப்போ 'எங்க மாமனார் சரியான சிடுமூஞ்சி'ன்னு தினமும் எங்கிட்ட புலம்பினது?"

மருமகள் நைசாகப் பின்வாங்கினாள். நல்லவேளை, தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது.

"கரண்ட் வந்துடுச்சு! பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்கலாம், ஓடு! வாள் ரெண்டே நிமிஷத்துல வரும்" என்று மாமனார் நாற்காலிக்குப் பாய்ந்தார். "கதவைச் சாத்தாதே. டிராகன் விழற சத்தம் எனக்கும் கேக்கணும்!"