முட்டி போடும் இடம்

கொத்தனார் சின்னப்பன் தன் அம்மா அருளாயியின் கல்லறைக் கல்லை எட்டு வருடமாகக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கும் சுவருக்கு அந்தப் பக்கம், மேல்சாதிக்காரர்களோடு அவளை மகன் புதைத்துவிட்டான் என்று தேவாலயப் பங்குப்பேரவைத் தலைவர் ராயப்பன் கடப்பாரையால் நெம்பி வெளியே எறிந்த கல் அது. அதே ராயப்பன்தான் புதுக்கோயில் வேலைக்கு ஆளனுப்பினார். அடித்தளம் போட அந்த வட்டாரத்தில் சின்னப்பனை விட்டால் வேறு கை கிடையாது.

பூசையில் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் மண்டியிடப்போகும் இடத்தில், சின்னப்பன் அம்மாவின் பெயர் மேலே பார்க்கும்படி கல்லைக் கிடத்தி, அதன்மேல் கான்கிரீட்டைக் கொட்டி மட்டம் தட்டிவிட்டார். யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தளத்தை மந்திரிக்க வந்த சாமியார், "இந்தப் பங்கோட வருங்காலம் அசையாத விசுவாசத்து மேல நிக்கணும்" என்றார்.

"நிக்கும் சாமி. அதுக்கு நான் பொறுப்பு" என்றார் சின்னப்பன்.

ராயப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக முட்டி போட்டார். சின்னப்பன் பக்கத்தில் போய், ரொம்பப் பணிவாகக் குனிந்தார்.

"அங்க இல்லீங்கய்யா, இன்னும் ஒரு சாண் முன்னால. நெத்தி நல்லாத் தரையில படட்டும்."