அட்டையில் ஒரு பேஸ் கிட்டார்

தனக்கென்று ஒரு பேஸ் கிட்டார் செய்யக் கொடுத்த நாளிலிருந்து இன்பராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான்கு கம்பி போதும் என்பான், மறுநாளே ஐந்து என்பான். மகோகனி வேண்டாம், பலாக்கட்டை போடுங்கள் என்று போனில் சொல்லிவிட்டு, அது கனக்குமே என்று பட்டறைக்கே ஓடுவான். கிட்டார் செய்யும் கலீல் பாய் ஒருநாள் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, உங்களுக்கு அப்படி என்னதான் வேணும்?"

"நான் நிறுத்தினா தெரியணும், பாய்."

போன மாதக் கச்சேரியில், ஒரு பாட்டின் நடுவே பாட்டுக்கு அடியில் ஓடும் தன் பேஸ் வாசிப்பை அவன் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்திருந்தான். பாடியவர் திரும்பவில்லை. கூட்டத்தில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள்.

பாய் எழுந்து கத்தரிக்கோலை எடுத்தார். அவன் கடைசியாகச் சொன்ன வடிவத்தைத் தடித்த அட்டையில் வெட்டி, தோள்வார் மாட்டிக் கொடுத்தார். "கொஞ்ச நாள் இதை மாட்டிப் பாருங்க. உடம்புக்கு ஒத்து வந்தா கட்டைய அறுக்கிறேன்."

வீட்டில் அவன் அதைக் கழற்றவே இல்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி, கம்பியில்லாத அட்டையில் டப்டப்பென்று விரல்களை ஓட்டிக்கொண்டேயிருந்தான். மனைவி ஷைனி அடுப்படியில் அவனுக்கு முதுகைக் காட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அட்டையின் இடுப்பு வளைவை இன்னும் கொஞ்சம் இறக்கினால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. பென்சிலை எடுக்க விரல்களை நிறுத்தினான்.

அடுப்படியில் கத்திச் சத்தமும் நின்றது.

"ஏங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"