தொடைச் சதை

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள்: கட்டிலில் தளவாய், அவன் மனைவி உலகம்மாள், மச்சினன் தங்கசாமி.

உழும்போது ஏர்க்கொழு குத்திச் சீழ்வைத்த தளவாயின் வலது காலை ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். அதை வடகரை வயலோரம் புதைத்தவன் தங்கசாமி. நடவுக்குள் எழுந்து நின்றே தீருவேன் என்று தளவாய் தினமும் தொடைச் சதையை இறுக்கினான்.

“அத்தான், புதைச்ச இடம் குழியாக் கெடக்கு. நரி தோண்டிட்டு போல,” என்றான் தங்கசாமி.

“நரி இல்லலே. சதைக்குத் தள்ளத் தெரியாது, இழுக்கத்தான் தெரியும். இழுத்தா எலும்பு வந்துதான ஆகணும்?”

“வரும், வில்வண்டி கட்டி வரும்,” என்று சிரித்தான் தங்கசாமி.

தளவாய் பல்லைக் கடித்து இறுக்கினான். வாசற்படியில் ஈரச் சேற்றோடு ஒரு வலது கால் தடம் விழுந்தது. அடுத்தது கட்டிலருகே விழுந்தது.

தங்கசாமி வெளியே ஓடினான். “வந்தது திரும்பிப் போயிரக் கூடாது,” என்று உலகம்மாள் அவன் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.