ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கார்டு

“கிராபிக்ஸ் கார்டா? இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!”

தமிழ்ச்செல்வி கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். திரையில் துப்பாக்கிகள் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தன. ராம்கிக்குத் தெரிந்ததெல்லாம் மனைவியின் சேலைதான்.

“கொஞ்சம் தள்ளு செல்வி, செத்துருவேன்.”

“விளையாட்டுலதானே, தாராளமாச் சாவுங்க. பிள்ளைக்குத் தகப்பனாயாச்சு, இன்னும் டுமீல் டுமீல்னுக்கிட்டு!”

ராம்கி பழங்காநத்தத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவன். கடையில் பொறுப்பான மனுஷன். வில்லாபுரம் வீட்டுக்குள் கால் வைத்தால் போதும், காபிகூட அப்புறம்தான், கம்ப்யூட்டர்தான் முதலில்.

“வர்ற ஞாயித்துக்கிழமை இந்த கேம்ல புது வெர்ஷன் வருது. நம்ம பழைய கார்டுல அது ஓடாது. அதுக்குள்ள மாத்தணும்.”

“தீபாவளி கழியட்டும், பாப்போம்.”

“அம்புட்டு நாள் தாங்காது. நான் இல்லேன்னா காளை வேற ஆளச் சேத்துக்குவாரு.”

“யாரு அது காளை?”

“நெட்டுல என்கூட விளையாடுறவரு. அதுல அவரு பேரு காளை, என் பேரு கருப்பு.”

“நல்லா வச்சீங்க பேரு! மொகம் தெரியாத ஆளுக்காக இம்புட்டுத் துடிக்கிறீங்களே, சுவத்துக்கு அந்தப் பக்கம் கூடப்பொறந்த அண்ணன் இருக்காரு. அவருக்காக ஒரு நாளாவது துடிச்சிருக்கீங்களா?”

ராம்கி தலையைச் சாய்த்துத் திரையை எட்டிப் பார்த்தான்.

சொத்து பிரித்தபோது வாய்த்தகராறு முற்றி, ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழும்பிவிட்டது. அண்ணன் முத்திருளன், ராம்கியின் பிள்ளைக்குக் காதுகுத்து நடந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். அவர் மகள் சடங்குக்கு ராம்கியும் போகவில்லை. ரோஷத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

அவன் திரையையே பார்த்தது தமிழ்ச்செல்விக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

“இன்னையோட இத மூட்டை கட்டுறேன் பாருங்க!”

“தொடாத!”

கத்தியே விட்டான். பிறகு குரலை இறக்கினான்.

“காளைதான் அண்ணன்.”

நீட்டிய கை அப்படியே நின்றது.

“நெசமாவா? எப்படித் தெரியும்?”

“நமக்குக் கரண்ட் போறப்ப அவரும் ஆட்டத்துல இருந்து காணாமப் போயிர்றாருன்னு கூட விளையாடுற மத்தவங்க சொன்னாங்க. கரண்ட் வந்ததும் நான் உள்ள போனா, அவரும் வந்து நிப்பாரு. சந்தேகமாவே இருந்துச்சு. ஒருநா ‘பொண்ணுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போறேன்’னு எழுதினாரு. அடுத்த நிமிசம் அண்ணன் வீட்டு ஸ்கூட்டர் கெளம்புச்சு.”

ராம்கியின் கண் கலங்கிவிட்டது.

“நான்னு தெரிஞ்சா அன்னைக்கே வெட்டிவிட்டுருவாரு. தெரியாததாலதான் ‘சாப்ட்டியா’ன்னு தெனமும் கேக்குறாரு, செல்வி. இந்தக் கார்டு இல்லேன்னா அதுவும் போச்சு.”

தமிழ்ச்செல்வியின் கோபம் போன இடம் தெரியவில்லை. ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டாள்.

“காலையில மொத வேலையா வாங்கிட்டு வாங்க” என்றவள், ஏதோ தட்டுப்பட்டவளாக அவனைப் பார்த்தாள். “ஏங்க, கரண்ட் போனா நீங்களும்தானே காணாமப் போறீங்க?”

“ஆமா.”

“அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாமயா இருக்கும்?”

ராம்கி நெற்றியில் தட்டிக்கொண்டான். இத்தனை நாள் இது தன் மண்டைக்கு எட்டவே இல்லையே என்று விழித்தான்.

சாயங்காலக் கரண்ட் கட் தன் நேரத்துக்குச் சரியாக வந்தது. திரை அணைந்தது. ஃபேன் சத்தமும் அடங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் சுவர் வரைக்கும் வந்து நின்றது.

சுவர் கட்டிய நாளிலிருந்து ராம்கியைக் கூப்பிடாத குரல் அது.

“டேய் கருப்பு! கார்டுக்காக எதுக்குடா அந்தப் புள்ளகூடச் சண்ட போடுற? ஒனக்கும் சேத்துத்தான் ரெண்டா வாங்கி வச்சிருக்கேன், வந்து எடுத்துக்க!”